முதல் 20 பேர் யார்? செயலிப் பயன்பாட்டுப் பட்டியல் தப்பாக வரும்போது அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கடலூர் துறைமுகத்தின் காலை ஏல விலையைக் காட்டும் ஒரு சின்ன ஆண்ட்ராய்டு செயலியை நானும் நண்பர் ஒருவரும் புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஓர் அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறோம். விலை பார்க்கலாம், ஐஸ் சொல்லலாம், வாங்கிய மீனுக்குக் கணக்கு எழுதலாம். அவ்வளவுதான். பணம் போட்டவர் ஒரு மீன் வியாபாரி. பொங்கலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது போன் செய்தார். "தம்பி, நம்ம ஆப்பை அதிகமா யூஸ் பண்றவங்க 20 பேரை எடுத்துக் கொடு. ஆளுக்கு ஒரு ஐஸ் பெட்டி கொடுத்துடலாம்."

அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. நான் எடுத்த முதல் பட்டியலில் முதலிடம் பிடித்தது ஐஸ் கம்பெனி ஒன்றில் சார்ஜரில் செருகிக் கிடந்த ஒரு போன். ஆளே இல்லை.

அந்த மூன்று வாரத்தில் பார்த்தவற்றை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பட்டியலில் எது தெரிகிறதோ அதற்கு நேரே போய்க்கொள்ளுங்கள். எங்களிடம் இருப்பவை ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸ் (செயலியில் யார் என்ன செய்தார்கள் என்று எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸின் செயலி வடிவம்), அதிலிருந்து பிக்குவெரி என்ற கூகுளின் தரவுக் கிடங்குக்குப் போகும் தரவு, எங்கள் சொந்த சர்வரின் பதிவு. உங்களிடம் வேறு கருவி இருந்தாலும் நோய் பெரும்பாலும் இதேதான்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். முதல் 10 பேரில் ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு நாளின் பதிவை எடுத்து, வரி வரியாக, மணி நிமிடம் நொடியோடு கண்ணால் படியுங்கள். கூட்டுத்தொகையில் எல்லாருமே நல்லவர்களாகத்தான் தெரிவார்கள்.

முதலிடத்தில் இருப்பவர் ராத்திரி தூங்குவதே இல்லை

எங்கள் ஐஸ் கம்பெனி போன் தினமும் 96 முறை "வந்திருந்தது". நள்ளிரவு 2 மணிக்கும் வந்தது, பகல் 2 மணிக்கும் வந்தது. 96 என்ற எண்ணே காட்டிக்கொடுத்திருக்க வேண்டும், எனக்குத்தான் உறைக்கவில்லை. செயலி மூடியிருக்கும்போதும் விலையைப் புதுப்பிப்பதற்காக, பின்னணி வேலைகளை ஓட்டும் ஆண்ட்ராய்டு கருவியான வொர்க்மேனேஜரில் ஒரு வேலை வைத்திருந்தோம். அதில் திரும்பத் திரும்ப ஓடும் வேலைக்கு வைக்கக்கூடிய மிகக் குறைந்த இடைவெளி 15 நிமிடம். மணிக்கு 4, நாளுக்கு 96. எங்கள் சர்வரோ எந்தக் கோரிக்கை வந்தாலும் "இவர் இப்போது வந்தார்" என்று எழுதிக்கொண்டிருந்தது.

சரி, அந்த வேலை எல்லாப் போனிலும்தானே ஓடுகிறது, அந்த ஒரு போன் மட்டும் ஏன் முதலிடத்துக்கு வந்தது? ஆண்ட்ராய்டு 6 முதல் டோஸ் என்று ஒரு ஏற்பாடு உண்டு. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் போனில் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போட்டு ஓட்டும். சார்ஜரில் இருக்கும் போனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆக நான் எடுத்த பட்டியல், யார் போனை நாள் முழுக்கச் சார்ஜரில் வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல்.

கண்டுபிடிக்க: ஒருவரின் பதிவுகளை 24 மணி நேரத்துக்கும் பிரித்து எண்ணுங்கள். மனிதன் என்றால் நாலைந்து மணி நேரமாவது காலியாக இருக்கும். அடுத்தடுத்த இரண்டு பதிவுக்கு இடையே உள்ள நேரத்தையும் பாருங்கள். மனிதரின் இடைவெளி தாறுமாறாக இருக்கும், இயந்திரத்தின் இடைவெளி 15, 15, 15 என்று வரும்.

சரிசெய்ய: திரை கண்ணுக்குத் தெரியும்போது நடப்பதை மட்டும் எண்ணுங்கள். பின்னணியில் போகும் கோரிக்கைக்குத் தனி அடையாளம் வைத்து அனுப்புங்கள். பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு அந்த அடையாளம் வராது, அவர்களுடைய கணக்கில் விலைக் கோரிக்கையை அடியோடு ஒதுக்கிவிடுங்கள். இன்னொரு இடமும் உண்டு. "செயலி திறந்தது" என்ற ஈவென்டை, அதாவது நடந்ததைச் சொல்லும் பதிவை, அப்ளிகேஷன் கிளாஸின் (செயலி எதற்காக எழுந்தாலும் ஓடும் நிரல்பகுதி) தொடக்கத்தில் எழுதியிருந்தால், அறிவிப்பு ஒன்று வந்து செயலியைப் பின்னணியில் எழுப்பினாலும் அது திறந்ததாகவே பதிவாகும். அதைத் திரையைக் காட்டும் பகுதியான ஆக்டிவிட்டிக்கு நகர்த்துங்கள். கூகுள் அனலிட்டிக்ஸ்கூட வெறுமனே திறந்ததை மதிப்பதில்லை. 10 நொடியாவது நீடித்த, அல்லது இரண்டு திரையாவது பார்த்த, அல்லது முக்கியம் என்று நாம் குறித்துவைத்த ஈவென்ட் நடந்த அமர்வைத்தான் (ஒருமுறை வந்து பயன்படுத்துவது ஓர் அமர்வு) ஈடுபாடுள்ள அமர்வு என்கிறது. சொந்தமாகக் கணக்கெடுப்பவர்களும் அந்த அளவையே எடுத்துக்கொள்ளலாம், குற்றமில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறவர், தினமும் வருகிறவர் ஆகிவிடுகிறார்

மூன்று வாரத்தில் நான் ரசித்த பிழை இது ஒன்றுதான்.

நெல்லிக்குப்பம் பக்கம் டிவிஎஸ் 50-ல் மீன் கொண்டுபோய் விற்கும் ஒருவர் பட்டியலில் மேலே இருந்தார். வாரத்தில் 6 நாள் வருவதாகக் கணக்கு. பணம் போட்டவர் பார்த்துவிட்டு, "அவன் திங்கள், புதன், வெள்ளிதான் தம்பி ஏலத்துக்கே வருவான். மத்த நாள் அவன் தம்பி வண்டி எடுத்துட்டுப் போயிடுவான்" என்றார்.

சர்வர் உலகப் பொது நேரத்தில், அதாவது யுடிசியில், நாளைப் பிரிக்கிறது. அங்கே நள்ளிரவு 12 என்றால் நமக்கு விடியற்காலை 5:30. மற்ற ஊரில், மற்றத் தொழிலில், அந்த நேரத்தில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள், பிழை வெளியே தெரியாது. ஏலம் நடக்கும் துறைமுகத்தில் 5:30 என்பது வியாபாரத்தின் நட்டநடு. இவர் திங்கள்கிழமை 4:45-க்கு ஒருமுறை விலை பார்க்கிறார், 6:15-க்கு வாங்கிய கணக்கை எழுதுகிறார். முதலாவது, சர்வரில் ஞாயிறு இரவு 11:15. இரண்டாவது, திங்கள் 00:45. ஒரே காலை, இரண்டு நாள். திங்கள், புதன், வெள்ளி வந்தவருக்கு ஞாயிறு தொடங்கி வெள்ளி வரை ஆறு நாள் விழுந்துவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், தினமும் வருகிறவருக்கு இதனால் லாபம் எதுவும் இல்லை. அவருடைய நாள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் மொத்தத்தில் ஒரே ஒரு நாள்தான் கூடும். இடைவெளி விட்டு வருகிறவருக்கு மட்டும் இரட்டிப்பு. மாலையில் மட்டும் பார்க்கும் புதுச்சேரி ஓட்டல்காரருக்கு எதுவுமே கூடாது. எல்லாருக்கும் ஒரே அளவில் கூடியிருந்தால் வரிசை மாறியிருக்காது, யாருக்கும் தெரிந்தும் இருக்காது.

சரிசெய்ய: முதலில் நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள், அப்புறம் அதிலிருந்து தேதியை எடுங்கள். தேதியை எடுத்துவிட்டு ஐந்தரை மணி நேரம் கூட்டுவது பயனில்லாத வேலை. நான் முதலில் அதைத்தான் செய்தேன். பிக்குவெரியில் ஈவென்ட் நேரம் யுடிசியில் மைக்ரோ நொடிக் கணக்கில் இருக்கும், ஆனால் பக்கத்திலேயே இருக்கும் ஈவென்ட் தேதி உங்கள் பிராபர்ட்டியின் (அனலிட்டிக்ஸில் உங்கள் செயலிக்கென்று உருவாக்கிய பகுதி) நேர மண்டலப்படி இருக்கும். இரண்டையும் ஒரே கேள்வியில் கலந்தால் குழப்பம்தான். பிராபர்ட்டி அமைப்பையும் திறந்து பாருங்கள். உருவாக்கும்போது கவனிக்காமல் விட்டிருந்தால் அது அமெரிக்கப் பசிபிக் நேரத்திலேயே இருக்கலாம், அப்போது நாள் மாறுவது நமக்குப் பகல் 12:30-க்கோ 1:30-க்கோ. மாற்றினாலும் இனி வருவதற்குத்தான் பொருந்தும், பழையது அப்படியேதான் இருக்கும்.

ஒரு படி மேலேயும் போகலாம். எங்கள் ஆட்களுக்கு நாள் நள்ளிரவு 12-க்குத் தொடங்குவதில்லை. ராத்திரி 11-க்கு ஐஸ் சொல்லிவிட்டு, 3 மணிக்கு எழுந்து விலை பார்ப்பார்கள். இரண்டும் ஒரே நாள் பிழைப்பு. அதனால் பதிவுகள் மிகக் குறைவாக விழும் மணி எது என்று பார்த்து, அங்கே நாளை வெட்டினோம். எங்களுக்கு அது ராத்திரி 10 மணி. உங்களுக்கு வேறாக இருக்கும்.

மூன்று நாள் ஆளைக் காணோம், நாலாம் நாள் ஐந்து நிமிடத்தில் நூறு பதிவு

தங்கு கடலுக்குப் போகும் விசைப்படகுக்காரர்களிடம் இதைப் பார்த்தோம். கரை மறைந்தால் சிக்னலும் மறைந்துவிடும். செயலியில் அவர்கள் கணக்கு எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள், எத்தனை பெட்டி, என்ன மீன் என்று. எல்லாம் போனில் சேர்ந்து கிடந்து, முகத்துவாரம் நெருங்கியதும் மொத்தமாக வந்து இறங்குகிறது. எங்கள் சர்வர் வந்து சேர்ந்த நேரத்தை எழுதியதால், மூன்று நாள் உழைத்தவருக்கு ஒரு நாள் கணக்கு. படகில் போகும் ஆளைவிடக் கரையில் நின்று திரையைத் தட்டுகிறவர் சுறுசுறுப்பானவர் ஆகிவிட்டார்.

இரண்டு நேரத்தையும் வைத்திருங்கள்: நடந்த நேரம், வந்த நேரம். வரிசைப்படுத்த நடந்த நேரம்தான் வேண்டும். ஆனால் அது போனின் கடிகாரம் சொல்வது, போனின் கடிகாரம் பொய்யும் சொல்லும். நடந்த நேரம் வந்த நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் அந்தக் கடிகாரம் முந்தி ஓடுகிறது என்று அர்த்தம். அந்தப் போன் அனுப்பும்போது தன் கடிகாரத்தில் மணி என்ன என்பதையும் சேர்த்து அனுப்பச் சொன்னால், வித்தியாசத்தைக் கழித்துச் சரிசெய்துகொள்ளலாம்.

ஃபயர்பேஸ் இதைத் தானே கொஞ்சம் பார்த்துக்கொள்ளும். பேட்டரியை மிச்சம் பிடிக்க, ஈவென்டுகளைச் சேர்த்துவைத்து ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை அனுப்பும். தாமதமாக வருவதை 72 மணி நேரம் வரை ஏற்றுக்கொள்ளும், அதனால் பிக்குவெரியின் நாள் அட்டவணை மூன்று நாள் வரை மாறிக்கொண்டே இருக்கும். நேற்றைய கணக்கை இன்று எடுத்தால் கடலில் இருப்பவர்கள் விடுபடுவார்கள். நாங்கள் கடைசி மூன்று நாளை எப்போதும் விட்டுவிட்டுத்தான் எண்ணுகிறோம். 72 மணியைத் தாண்டிக் கடலில் இருப்பவர்களுக்குச் சொந்த சர்வர் பதிவுதான் கதி.

பயனர் எண்ணிக்கை, ஊரில் இருக்கும் ஆட்களைவிட அதிகம்

ஒரு வருடம் மாசி மகத்துக்கு மறுநாள் எங்களுக்குப் புதுப் பயனர்கள் திடீரென்று கூடினார்கள். சந்தோஷப்பட்டோம். தேவனாம்பட்டினக் கடற்கரையில் சுவாமி தீர்த்தவாரியை எல்லாரும் வீடியோ எடுத்திருக்கிறார்கள், போனில் இடம் இல்லை, எதையாவது நீக்க வேண்டும். எங்கள் செயலிதான் கைக்குக் கிடைத்திருக்கிறது. மறுநாள் ஏலத்துக்கு மறுபடி இறக்கிக்கொண்டார்கள். நீக்கி நிறுவும்போது, ஒவ்வொரு நிறுவலுக்கும் ஃபயர்பேஸ் கொடுக்கும் அடையாள எண் புதிதாகிவிடும். பழைய ஆளே புது ஆளாக நிற்பார். விசுவாசமான ஒருவர் நாலு பேராகப் பிரிந்து, நாலு பேருமே முதல் 20-க்கு வெளியே போய்விடுவார்கள்.

உள்நுழைந்தவுடன் யூசர் ஐடியை வையுங்கள், வெளியேறும்போது அதை வெறுமையாக்குங்கள். இரண்டாவதை மறப்பவர்கள் அதிகம். பழைய போனை விற்றால் வாங்கியவரின் பதிவெல்லாம் விற்றவர் பெயரில் ஏறும். யூசர் ஐடியாகத் தொலைபேசி எண்ணை வைக்காதீர்கள். ஆளை அடையாளம் காட்டும் தகவலை அனலிட்டிக்ஸுக்கு அனுப்பக்கூடாது என்பது கூகுளின் விதி. ஹேஷ் செய்துவிட்டால், அதாவது எண்ணை அடையாளம் தெரியாத எழுத்துக்கோவையாக மாற்றிவிட்டால், சரியாகிவிடும் என்று நினைக்கவும் வேண்டாம். பத்து இலக்கம்தானே, எல்லா எண்களையும் ஓட்டிப்பார்த்து எது எவருடையது என்று கண்டுபிடித்துவிடலாம். உங்கள் தரவுத்தளத்தில் பொருளில்லாத ஓர் எண்ணை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுங்கள்.

பழைய பதிவுகளைச் சேர்த்து ஒட்ட, ஆண்ட்ராய்டே கொடுக்கும் அடையாள எண்ணான ஆண்ட்ராய்டு ஐடியை நீங்கள் முன்பே சர்வரில் பதிந்திருந்தால் அது உதவும். ஆண்ட்ராய்டு 8 முதல் அது செயலியின் கையொப்பச் சாவிக்கு ஏற்ப மாறும், ஆனால் அதே செயலியை நீக்கி நிறுவினால் மாறாது. போனை முழுதாக அழித்தால் மாறிவிடும். அதுவும் போனைத்தான் அடையாளம் காட்டும், ஆளை அல்ல.

ஒரே கணக்கு, ஆறு பேர் செய்யும் வேலை

கடலூர் முதுநகரில் ஒரு கணக்கு. 96-ஐ ஒழித்து, நேரத்தைத் திருத்தி, எல்லாம் செய்த பிறகும் அது மேலேயே இருந்தது. இரவில் தூங்குகிறது, இடைவெளிகள் தாறுமாறாக இருக்கின்றன, மனிதர்தான். ஆனால் ஒரே காலையில் சங்கரா, நெத்திலி, இறால், வஞ்சிரம் என்று ஆறு விதக் கணக்கு. ஒவ்வொன்றிலும் தொகை சின்னது. இவ்வளவு விதமாக வாங்குகிறவர் இவ்வளவு கொஞ்சமாக வாங்க மாட்டார்.

போன் செய்தேன். எடுத்தது பிளஸ் டூ படிக்கும் பெண். அம்மாவும் தெருவில் இன்னும் ஐந்து பேரும் கூடையில் மீன் வாங்கித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கிறவர்கள். ஆறு பேருக்கும் சேர்த்து இந்தப் பெண்தான் பள்ளிக்கூடம் போவதற்கு முன் கணக்கு எழுதுகிறாள். "அவங்க சொல்லச் சொல்ல நான் போட்டுடுவேன் அண்ணா. மத்தவங்க போன் எல்லாம் பட்டன் போன்."

இது பிழையா? நிரலில் பிழை இல்லை. என் கேள்வியில்தான் பிழை. "அதிகம் பயன்படுத்துகிறவர் யார்" என்றால், திரையைத் தொடுகிறவரா, பலன் பெறுகிறவரா? நான் முதலில் பதிவு எண்ணிக்கையை ஆறால் வகுக்கப் பார்த்தேன். வகுத்தால் ஆறு பேருமே பட்டியலில் இருக்க மாட்டார்கள். அது சரியாகப் படவில்லை. கடைசியில் கணக்கிலேயே "குழு" என்று ஒரு குறி வைத்து, தனி ஆட்களோடு சேர்க்காமல் தனியாக வரிசைப்படுத்தினோம். தேடிப்பார்த்ததில் இன்னும் மூன்று குழுக்கள் கிடைத்தன. ஒரே கணக்கில் ஒரே நேரத்தில் இரண்டு போன்கள், அல்லது ஒரே காலையில் வெவ்வேறு வாங்குபவர் பெயர்கள் தெரிந்தால் குழு என்று சந்தேகப்படுங்கள். கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

சின்னச் சின்னவை

ஒருவர் நாளுக்கு 9 மணி நேரம் செயலியில் இருக்கிறாரா? புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் போனைத் தராசில் சாய்த்து வைத்து, திரையை அணையவிடாமல், வருகிறவர்களுக்கு விலைப் பலகையாகக் காட்டிக்கொண்டிருந்தார். நல்ல யோசனைதான், ஆனால் செயலி முன்னால் திறந்திருக்கும் நேரமெல்லாம் ஈடுபாட்டு நேரமாக ஏறும். நேரத்தை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள், செயலை வைத்து வரிசைப்படுத்துங்கள்.

புதுப் பதிப்பு வெளியிட்ட நாளிலிருந்து எல்லாருக்கும் ஏறக்குறைய இரட்டிப்பா? ஒரே ஈவென்ட் சில மில்லி நொடி இடைவெளியில் ஜோடியாக விழுகிறதா பாருங்கள். ஃபயர்பேஸ் தானாகவே திரைப் பதிவை எழுதும்போது நீங்களும் கையால் ஒன்று எழுதியிருப்பீர்கள். கம்போஸ் (ஆண்ட்ராய்டில் திரையை வரையும் கருவி) பயன்படுத்துகிறவர்கள் பதிவு வரியை நேரடியாகத் திரை வரையும் செயல்கூற்றுக்குள் வைத்திருந்தால், திரை மறுபடி வரையப்படும் ஒவ்வொரு முறையும் அது ஓடும். நெட் விட்டுவிட்டு வரும் இடத்தில் மறுமுயற்சியாலும் இரட்டிக்கும். ஒவ்வோர் ஈவென்டும் போனில் பிறக்கும்போதே அதற்கு ஒரு தனி எண் கொடுத்துவிட்டால், சர்வர் இரண்டாவதைத் தள்ளிவிடும்.

முதல் ஐந்தில் நீங்களே இருக்கிறீர்களா? நானும் இருந்தேன். உங்கள் போன், நண்பரின் போன், சோதனைப் போன்கள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு விலக்குங்கள். செயலியை வெளியிடும் கூகுள் தளமான பிளே கன்சோலில் பதிப்பைச் சோதனைக்கு ஏற்றினால் கூகுளின் சோதனைக்கூடப் போன்களும் செயலியைத் திறந்து தட்டிப் பார்க்கும். நம் பக்கம் ஆளே இல்லாத ஊரிலிருந்து, ஏற்றிய அன்று மட்டும் வந்துபோகிறவர்கள் அவர்களாக இருக்கலாம்.

ஏப்ரலில் எல்லாரும் காணாமல் போகிறார்கள், வாரத்துக்கு வாரம் வரிசை புரள்கிறது

முதல் பாதி பிழையே அல்ல. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகும் கட்டுமரமும் போகும். அந்த இரண்டு மாதப் பட்டியலில் ஃபைபர் படகுக்காரர்கள் மேலே வருவது அவர்கள் திடீரென்று சுறுசுறுப்பானதால் அல்ல. புரட்டாசியில் பாதி ஊர் மீன் தொடாது, கார்த்திகையில் மாலை போட்டவர்கள் தொட மாட்டார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த வாரத்தில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அந்த வாரப் பதிவை வைத்து யாரையும் சோம்பேறி என்று சொல்ல முடியாது. சென்ற மாதத்தோடு ஒப்பிடாமல், சென்ற வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். அதற்குப் பழைய தரவு இருக்க வேண்டுமே! நாம் எதையும் மாற்றாவிட்டால் கூகுள் அனலிட்டிக்ஸ் ஒவ்வோர் ஆளுக்குமான தரவை 2 மாதம்தான் வைத்திருக்கும். இலவசக் கணக்கில் அதை 14 மாதமாக்கலாம். இன்றே மாற்றுங்கள், போனது திரும்பாது.

வரிசை புரள்வது பிழைதான், எண்ணும் காலத்தின் பிழை. நாங்கள் 30 நாளுக்கு எண்ணினோம். 30 நாளில் சில சமயம் 4 ஞாயிறு, சில சமயம் 5. மீன் வியாபாரத்தில் ஒரு ஞாயிறு கூடினால் சும்மா இல்லை, ஞாயிறு மட்டும் கடை போடுகிறவர்கள் மேலே ஏறிவிடுவார்கள். 28 நாளுக்கு மாற்றினோம். சரியாக நாலு வாரம், எல்லாக் கிழமையும் நாலு. அதற்கப்புறம் பட்டியல் அமைதியானது.

அந்த 28 நாளில் உருப்படியான ஒரு செயலாவது செய்த நாள் எத்தனை என்பதுதான் எங்கள் கடைசி அளவுகோல். உருப்படியான செயல் என்றால், விலைத் திரையில் 10 நொடியாவது நின்றது, ஐஸ் சொன்னது, கணக்கு எழுதியது. மொத்த எண்ணிக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டோம். ஒரே நாளில் ஐம்பது தடவை தட்டினாலும் ஒரு நாள்தான். இரண்டு பேர் சமமாக வந்தால், எத்தனை விதமான செயல் செய்தார்கள் என்று பார்ப்போம்.

பரிசு பற்றித் தெரிந்ததும் நடுவில் இருப்பவர்கள் எகிறுகிறார்கள்

யாரோ வெளியே சொல்லிவிட்டார்கள். ஐஸ் பெட்டி என்றதும் ராத்திரி பகலாக விலைத் திரை திறந்தது. நாள் கணக்கு என்பதால் பெரிய சேதமில்லை, ஆனாலும் செய்தி கசிந்த தேதிக்கு முந்தைய 28 நாளைத்தான் எடுத்துக்கொண்டோம். உங்களுக்கு வழி: முதலில் எண்ணி முடியுங்கள், அப்புறம் அறிவியுங்கள். பணம் போட்டவர் பட்டியலைப் போன் எண்ணோடு துறைமுகத்தில் ஒட்டலாம் என்றும் சொன்னார். விலை காட்டுவதற்காக வாங்கிய எண்ணைச் சுவரில் ஒட்ட நமக்கு அனுமதி இல்லை, 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் கேட்கச் சொல்கிறது என்று விளக்கினேன். "சட்டத்தை விடு, பொண்ணுங்க நம்பர் இருக்குல்ல, வேணாம்" என்று அவரே நிறுத்திக்கொண்டார்.

பட்டியல் சரிதான், ஆனால் மேலே இருப்பவர் கடுப்பில் இருக்கிறார்

எல்லாம் முடிந்து முதல் 20 பேருக்கும் ஒரு போன் செய்தேன். அதில் ஓர் அக்கா, தேங்காய்த்திட்டில் மீன் வாங்குகிறவர். நாள் தவறாமல் வருகிறார், ஒவ்வொரு நாளும் ஐந்து மணி வாக்கில் நாற்பது முறை திறக்கிறார். இவருக்குத்தான் நம் செயலி ரொம்பப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பேசினேன்.

"பிடிச்சிருக்காவது! விலை வரவே மாட்டேங்குது தம்பி. சுத்திக்கிட்டே இருக்கு. அதான் மூடி மூடித் தெறக்கறேன்."

அவர் பதிவைத் திரும்பப் படித்தேன். திறப்பது, விலைத் திரை, எட்டு நொடி, மூடுவது. மறுபடி திறப்பது, விலைத் திரை, ஆறு நொடி, மூடுவது. நாற்பதாவது முறை கிடைக்கும் விலையில் நின்றதுதான் 10 நொடியைத் தாண்டியது. இப்படி ஒரே திரை குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்து, அதற்கடுத்த செயல் எதுவும் இல்லையென்றால் அது ஆர்வம் அல்ல, உங்கள் பிழை. தேடிப்பார்த்தால் 20 பேரில் மூன்று பேர் அப்படி. மூன்று பேரிடமும் ஒரே பழைய மாடல் போன், எங்கள் பழைய பதிப்பு, மீன் படங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் இறக்கிவிட்டுத்தான் விலையைக் காட்டும் பதிப்பு.

விலையை முதலிலும் படங்களைப் பிறகும் இறக்கும்படி மாற்றி அனுப்பினோம். இப்போது அந்த அக்கா காலையில் மூன்று முறை திறக்கிறார். ஐஸ் பெட்டி அவருக்கும் ஒன்று போனது.